ஏரிக்கரையில் கிடைத்த தாடையும் இந்தியாவின் பழைய ஊனுண்ணிகளும்

போன மே மாதம் சமுத்திரம் ஏரி பாதிக்கு மேல் வற்றிக் கிடந்த நேரம். எங்கள் தெருவில் எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வாசலில் வந்து நின்றான். "சார், ஏரியில கிடைச்சது. புலிப்பல்லுதானே?" கவருக்குள் ஒரு கீழ்த்தாடை. இடது பக்கம் மட்டும். மண் ஒட்டியிருந்தது, கோரைப்பல் முழுசாக இருந்தது. நான் கல், எலும்பு பற்றியெல்லாம் படித்துக்கொண்டு இருக்கிறவன் என்று தெருவில் ஒரு பேர் உண்டு. அதனால் இந்த மாதிரி கேஸ்கள் எல்லாம் என்னிடம்தான் வரும்.

புலி இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் "இல்லப்பா, நாய்" என்று சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. எப்படிச் சொல்கிறோம் என்று காட்டாமல் சொன்னால் அவன் ஏன் நம்பணும்? உட்கார வைத்து, தாடையைக் கழுவி, பல்லை எண்ணச் சொன்னேன். அன்றைக்கு அவனிடம் பேசியதையும், பிறகு அதைத் தொட்டுப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். ஊனுண்ணிப் பாலூட்டிகள் முதலில் எப்படித் தோன்றின, அதற்கு நம் நாட்டு மண்ணில் என்ன சாட்சி இருக்கிறது என்பதுதான் விஷயம்.

பாக்குவெட்டிப் பல்

நாய்க்குக் கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கு வெட்டுப்பல் மூன்று, கோரை ஒன்று, முன்கடைவாய்ப் பல் நான்கு, கடைவாய்ப் பல் மூன்று. இதில் முதல் கடைவாய்ப் பல்தான் ராஜா. மற்ற எல்லாப் பல்லையும்விடப் பெரிதாக, முன்பாதி கத்தி மாதிரி நீண்டு நிற்கும். மேல்தாடையின் நான்காவது முன்கடைவாய்ப் பல் இதன் வெளிப்பக்கமாக உரசிக்கொண்டு இறங்கும். இரண்டும் சேர்ந்து கத்தரிக்கோல்.

கத்தரிக்கோலைவிடப் பொருத்தமான பொருள் நம் வீட்டிலேயே உண்டு: பாட்டியின் பாக்குவெட்டி. பாக்கை நுனியில் வைத்து வெட்ட முடியாது; கீல் பக்கமாகத் தள்ளி வைத்தால்தான் நறுக்கென்று உடையும். தாடைக்கும் அதே கணக்குதான். கீலுக்குப் பக்கத்தில் அழுத்தம் அதிகம். தெருநாய் எலும்பு கடிப்பதைக் கவனித்துப் பாருங்கள். முன்பல்லால் கவ்விக்கொள்ளும், உடைக்கிற நேரம் வந்ததும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து எலும்பைக் கடைவாய்க்குத் தள்ளும். அந்த இடத்தில்தான் இந்தப் பல் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் இதைப் பாக்குவெட்டிப் பல் என்றே சொல்கிறேன்.

பையனிடம் கேட்ட கேள்வி இதுதான்: "இந்தப் பெரிய பல்லுக்குப் பின்னால ஏதாவது இருக்கா?" அவன் விரலால் தடவிப் பார்த்தான். "ஒரு சின்னப் பல் இருக்கு சார். அதுக்குப் பின்னால ஒரு குட்டி ஓட்டை." பூனைக் குடும்பமாக இருந்தால் அந்த இடம் மொட்டையாக இருக்கும். புலியோ சிறுத்தையோ வீட்டுப் பூனையோ, கீழ்த்தாடையில் பாக்குவெட்டிப் பல்லோடு வரிசை முடிந்துவிடும். நாய்க் குடும்பத்துக்கு மட்டும் பின்னால் அரைக்கிற பல் இரண்டு மிச்சம். அந்த மிச்சம்தான் நாயை நாயாக வைத்திருக்கிறது. செங்கம் ரோடு டீக்கடை வாசலில் படுத்திருக்கும் நாய்கள் தயிர்சாதம், இட்லி, பன், வர்க்கி எல்லாம் தின்று கொழுத்திருப்பது அந்தப் பின்பல்களின் புண்ணியத்தில்.

"அப்போ இது நாயா?" பையன் முகம் வாடிவிட்டது. ஆமாம், நாய் அல்லது நரி. பழையதும் இல்லை. எலும்பு லேசாக இருந்தது, கல்லாகவில்லை. செத்துச் சில வருஷம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த கேள்வியை அவன் விடவில்லை. "மலையில தோண்டினா பழசு கிடைக்குமா சார்?"

நம் மலையில் ஏன் கிடைக்காது

அருணாசல மலையில் எவ்வளவு தோண்டினாலும் ஒரு எலும்பும் கிடைக்காது. காரணம் எளிது. மலையும் சுற்றியுள்ள பாறைகளும் பூமிக்கு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். எலும்பு என்று ஒன்று உலகத்தில் வந்ததே அதற்கு வெகுகாலம் பின்னால். தொல்லெச்சம் வேண்டுமென்றால் சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை வேண்டும். நமக்குப் பக்கத்தில் விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்கள் கிடக்கின்றன. அரியலூரில் கடல் சிப்பிகள் கிடைக்கின்றன, அங்கே டைனோசர் காலத்தில் கடல் இருந்தது. ஊனுண்ணிப் பாலூட்டிகளின் ஆரம்பக் கதையைப் பார்க்கணும் என்றால் குஜராத்துக்கும் ஜம்முவுக்கும் போகணும்.

போவதற்கு முன்னால் காலத்தைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். அதுவரை பாலூட்டிகள் பெரும்பாலும் எலி, மூஞ்சூறு அளவிலேயே ஒதுங்கிக் கிடந்தன. அழிவுக்குப் பிறகு காடு காலி. தழை தின்னவும் ஆளில்லை, தழை தின்பதைத் தின்னவும் ஆளில்லை. பேலியோசீன் என்று சொல்லப்படும் அடுத்த 1 கோடி ஆண்டில் இந்தக் காலியிடங்கள் நிரம்பத் தொடங்கின. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென்று சூடேறியது. ஈயோசீன் காலம் ஆரம்பித்தது. வட கண்டங்களில் புதுப்புது பாலூட்டிக் குலங்கள் தலைகாட்டியதும் இந்தச் சமயத்தில்தான்.

இந்தக் காலியிடத்துக்கு மனுப் போட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. இன்றைய நாய், பூனை, கரடி, கீரி, மரநாய் எல்லாம் சேர்ந்த குலத்தை ஊனுண்ணி வரிசை என்போம். அதன் மூதாதையர் மரநாய் மாதிரி சின்னப் பிராணிகள். பெல்ஜியத்தில் டோர்மால் என்ற இடத்தில் கிடைத்த டோர்மாலோசியான் என்ற பிராணியின் பற்களையும் கணுக்கால் எலும்புகளையும் 2014-இல் விரிவாக வெளியிட்டார்கள். சுமார் 5.5 கோடி ஆண்டு பழசு. கணுக்கால் எலும்பைப் பார்த்தால் மரமேறி. சிங்கத்தின் வம்சம் மரக்கிளையில் ஆரம்பித்தது என்று சொல்லலாம்.

இன்னொரு பக்கம் ஹையனோடான்ட் என்ற கூட்டம். ஹையனோடான் என்ற பெயரை 1838-இல் வைத்தார்கள். பொருள், கழுதைப்புலிப் பல். பல் அப்படி இருந்தது, பெயரையும் அப்படியே வைத்துவிட்டார்கள். ஆனால் கழுதைப்புலிக்கும் இதற்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. சொல்லப்போனால் நாய், பூனை, கழுதைப்புலி எல்லாம் தங்களுக்குள் பங்காளிகள். ஹையனோடான்ட் அந்தப் பங்காளிக் கூட்டத்துக்கே வெளியாள்.

ஒரே கத்தி, வேற வேற இடத்தில்

வெளியாள் என்று எப்படித் தெரியும்? இங்கேதான் பையனின் தாடை உதவிக்கு வருகிறது. நாய்க்கும் பூனைக்கும் கீரிக்கும் பாக்குவெட்டி எப்போதும் ஒரே ஜோடி: மேலே நான்காவது முன்கடைவாய், கீழே முதல் கடைவாய். பாண்டா மூங்கில் தின்று பிழைத்தாலும் அதன் தாடையில் அதே ஜோடியை அடையாளம் காட்டலாம். தட்டையாகி அரைவைக் கல்லாக மாறியிருக்கும், அவ்வளவுதான்.

ஹையனோடான்டுக்குக் கத்தி இன்னும் பின்னால். மேலே முதல், இரண்டாவது கடைவாய். கீழே இரண்டாவது, மூன்றாவது கடைவாய். கீழ்வரிசையில் பின்னால் போகப் போகப் பல் பெரிதாகும். கடைசிப் பல்தான் பெரிய கத்தி. ஆக்சியனிட் என்று மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. அவற்றுக்கு மேலே முதல் கடைவாய், கீழே இரண்டாவது. ஒரே கருவியை மூன்று வீடுகளில் மூன்று பேர் தனித்தனியாகச் செய்துகொண்டது போல.

1875-இல் அமெரிக்கர் எட்வர்ட் டிரிங்கர் கோப் பழைய ஊனுண்ணிகளுக்கு என்று கிரியோடான்ட் என்ற பெயரைக் கொண்டுவந்தார். ஹையனோடான்டும் ஆக்சியனிடும் அதற்குள் ஒன்றாக வெகுகாலம் குடியிருந்தன. பழைய புத்தகங்களிலும் பல இணையப் பக்கங்களிலும் இன்றும் அந்தப் பெயர் இருக்கும். இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஒரு குலமாக ஏற்பதில்லை. கத்தி இருக்கும் இடமே வேறு, ஆகவே கத்தியை ஒரே பாட்டனிடமிருந்து வாங்கியிருக்க முடியாது என்பது முக்கிய வாதங்களில் ஒன்று.

இடம் மாறினால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். வித்தியாசம் இருக்கிறது. நாய்க்குக் கத்தி முன்னால் இருப்பதால் பின்னால் அரைக்கிற பல்லுக்கு இடம் மிச்சமிருக்கிறது. கறி கிடைக்காத காலத்தில் பழம், கிழங்கு, பூச்சி. வம்சத்தில் ஒரு கிளை கரடியாகி எல்லாவற்றையும் தின்றது. ஒரு கிளை பூனையாகிப் பின்பல்லையே கைவிட்டு முழுக் கறிக்கு மாறியது. ஹையனோடான்டுக்குக் கடைவாய்ப் பல் வரிசை மொத்தமும் கத்தியாகிவிட்டது. வரிசையின் கடைசிவரை கத்தியென்றால் அரைக்க எதை வைத்து அரைப்பது? ஹையனோடான்ட் குலம் கடைசியில் பின்தங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். கருத்துதான், தீர்ப்பு இல்லை. ஏனென்றால் தோற்றுப்போன குலம் என்று சுலபமாகத் தள்ளிவிட முடியாத அளவுக்கு அவை 4 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்திருக்கின்றன. நாம் வந்து எத்தனை நாள் ஆகிறது?

வஸ்தான்: நெய்வேலி மாதிரி ஒரு இடம்

குஜராத்தில் சூரத் மாவட்டத்தில் வஸ்தான் என்று ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். நெய்வேலி பார்த்தவர்களுக்கு வர்ணனை தேவையில்லை: திறந்தவெளிக் குழி, படிப்படியாக இறங்கும் மண்சுவர், நடுவே கறுப்பு அடுக்கு. அந்த நிலக்கரி அடுக்குகளுக்கு இடையிலுள்ள களிமண்ணில்தான் புதையல். சுமார் 5.45 கோடி ஆண்டு பழைய, ஈயோசீன் தொடக்கக் காலத்து மண்.

2000-களின் தொடக்கத்திலிருந்து இரண்டு தரப்பினர் இங்கே வேலை செய்தார்கள். அசோக் சாஹ்னி, ராஜேந்திர ரானா, கிஷோர் குமார் ஆகியோரும் அமெரிக்காவின் கென்னத் ரோஸ், பெல்ஜியத்தின் தியரி ஸ்மித் முதலானோரும் சேர்ந்த குழு ஒன்று. ரூர்க்கி ஐஐடியின் சுனில் பாஜ்பாய் குழு இன்னொன்று. வேலை என்றால் படத்தில் வருவது போலப் பிரஷ்ஷை வைத்து முழு எலும்புக்கூட்டைத் துடைப்பது இல்லை. களிமண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, தண்ணீரில் கரைத்து, சல்லடையில் அலசி, மிஞ்சியதை லென்ஸ் வைத்துப் பொறுக்குவது. வீட்டில் அரிசியில் கல் பொறுக்குவோமே, அதேதான். இங்கே அரிசியைத் தள்ளிவிட்டுக் கல்லை எடுத்து வைக்கணும்.

அப்படிப் பொறுக்கியதில் வௌவால்கள், ஆதிகாலக் குரங்கினங்கள், பாம்புகள், பறவைகள் எல்லாம் வந்தன. வௌவால் மட்டும் ஏழு வகை என்று 2007-இல் அறிவித்தார்கள். குதிரை, காண்டாமிருக வம்சத்துக்கு நெருங்கிய காம்பேதேரியம் கிடைத்தது. அதே சுரங்கத்தில் கிடைத்த குங்கிலியப் பிசின் கட்டிகளுக்குள் பூச்சிகள் அப்படியே மாட்டிக்கொண்டிருந்தன. அந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. மொத்தத்தில் கடலோரமாக ஒரு ஈரமான வெப்பக்காடு.

காடு இருந்தால் வேட்டையாடி இருக்கணுமே. இருந்தது. 2009-இல் பாஜ்பாய், விவேஷ் கபூர், ஹான்ஸ் தெவிசன் மூவரும் அதற்கு இண்டோஹையனோடான் ராவோய் என்று பெயர் வைத்தார்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் கிடைத்த ஹையனோடான்டுகளில் இதுதான் மிகப் பழசு. முதலில் கிடைத்தவற்றை வைத்துப் பல்லைப் பற்றித்தான் அதிகம் பேச முடிந்தது. 2015-இல் ரானா குழுவினர் மேல்பற்கள், முகவாய் எலும்பு, உள்காதைச் சுற்றியிருக்கும் எலும்பு, கைகால் எலும்புகள் எல்லாவற்றையும் சேர்த்து விரிவாக எழுதினார்கள். கால் எலும்பும் மேல்கை எலும்பும் சொன்னது: இது தரையிலும் நடக்கும், மரமும் ஏறும். பெல்ஜியத்தில் நம் நாயின் பாட்டன் கிளையில் உட்கார்ந்திருந்த அதே யுகத்தில், குஜராத்தில் சம்பந்தமில்லாத இன்னொருவரும் கிளையில் ஏறிக்கொண்டிருந்தார்.

இன்னொரு கேள்வி இங்கே எழும். இந்தியா அப்போது ஆசியாவோடு ஒட்டுகிற தறுவாயில் இருந்த நிலம். அதற்கு முன் வெகுகாலம் தனித்தீவு. அப்படியென்றால் இந்தப் பிராணிகள் இங்கேயே பிறந்தவையா, வந்தேறிகளா? வஸ்தானின் பாலூட்டிகளில் பல, அதே காலத்து ஐரோப்பியப் பாலூட்டிகளோடு அசாத்தியமாக ஒத்துப்போகின்றன. அதனால் 5.45 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தரைவழியாகவோ தீவுகளைத் தாண்டியோ போக்குவரத்து இருந்திருக்கணும். ஹையனோடான்ட் குலத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்காவா ஆசியாவா என்பது இன்னும் வழக்காடப்படுகிறது. அந்த வழக்கில் வஸ்தான் ஒரு முக்கியச் சாட்சி.

காளாகோட்டில் உடைந்த காது

இதுவரை படித்தவர்கள், பல் இருக்கும் இடத்தைப் பார்த்தாலே குலம் தெரிந்துவிடும் போலிருக்கே என்று நினைத்திருப்பீர்கள். பையனும் அப்படித்தான் சொன்னான். அவசரப்படக் கூடாது. பல்லை நம்பி ஏமாந்த பெரிய கதை ஒன்று, அதுவும் நம் நாட்டில் முடிந்த கதை, இருக்கிறது.

திமிங்கிலம் பாலூட்டி. கரையிலிருந்து கடலுக்குப் போனது. கரையில் அது யாராக இருந்தது? 1966-இல் லீ வான் வேலன் ஒரு பதில் சொன்னார்: மெசோனிகிட். குளம்பு வைத்த ஊனுண்ணிகள் என்று சொல்லத்தக்க விசித்திரப் பிராணிகள் அவை. ஆதித் திமிங்கிலங்களின் முக்கோணக் கடைவாய்ப் பல்லும் மெசோனிகிட்டின் பல்லும் அச்சில் வார்த்த மாதிரி. ஏறத்தாழ 30 ஆண்டுகள் இதுதான் பாடம். 1990-களில் மரபணு ஆய்வாளர்கள் வேறு பதில் சொன்னார்கள்: திமிங்கிலத்தின் நெருங்கிய சொந்தம் நீர்யானை. எலும்பாளர்கள் பலர் ஒப்பவில்லை. பல்லைப் பாரய்யா என்றார்கள்.

2001 செப்டம்பரில், ஒரே வாரத்தில், இரண்டு குழுக்கள் பாகிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பை வெளியிட்டன. மேலும் கீழும் கப்பி மாதிரி பள்ளம் விழுந்த எலும்பு. ஆடு, மாடு, மான், பன்றி போன்ற இரட்டைக் குளம்பு வர்க்கத்துக்கே உரிய அடையாளம் அது. மெசோனிகிட்டுக்கு அப்படிக் கிடையாது. பல் சொன்ன சாட்சியைக் கால் உடைத்துவிட்டது.

சரி, இரட்டைக் குளம்பு வர்க்கத்தில் யார்? இதற்கான பதில் பெட்டிக்குள் கிடந்தது. எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையத்தில் புவியியலாளராக இருந்த ஏ. ரங்கா ராவ், ஜம்முவின் ரஜௌரி மாவட்டத்துக் காளாகோட் அருகே ஈயோசீன் எலும்புப் படுகை ஒன்றில் நிறையச் சேகரித்திருந்தார். அதிலிருந்து 1971-இல் இண்டோஹையஸ் என்ற சிறு குளம்பியை அறிவித்தார். 1973-இல் காளாகோட் அடுக்குகளிலிருந்தே பாராட்ரைடெம்னோடான் என்ற ஹையனோடான்டையும் அறிவித்தார். நம் வஸ்தான் மரமேறியைவிடப் பெரியது, கொஞ்சம் பிந்திய காலத்தது, பல் அமைப்பில் அதற்கு மிக நெருக்கமானது. ராவ் காலமான பிறகு, உடைத்துப் பார்க்காத கல் குவியல் அவர் மனைவியின் பொறுப்பில் இருந்தது. அவர் அதைத் தெவிசன் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தார். கல்லிலிருந்து எலும்பைப் பிரிக்கும்போது ஒரு மண்டையின் காதெலும்பு தவறுதலாக உடைந்தது. உடைந்த இடத்தில் பார்த்தால் காதுக்கூட்டின் உட்சுவர் மிகத் தடிமன். அந்தத் தடிப்பு அதுவரை திமிங்கில வம்சத்துக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்தார்கள்.

2007-இல் செய்தி வெளியானது. திமிங்கிலத்தின் நெருங்கிய கரைச் சொந்தம், நம் காட்டுச் சருகுமான் மாதிரி ஒரு சின்ன இண்டோஹையஸ். பல்லைப் பார்த்தால் தழை தின்னி மாதிரி. யாரும் அதைத் திமிங்கிலத்தோடு சேர்த்து யோசித்திருக்க மாட்டார்கள். அந்தக் கரையில் பாராட்ரைடெம்னோடான் போன்றவை உலாவியதும் உண்மை. வேட்டைக்காரன் வந்தால் தண்ணீரில் குதிக்கும் பிராணியாக அது இருந்திருக்கலாம் என்று தெவிசன் குழு ஊகித்தது. ஆப்பிரிக்காவின் நீர்ச்சருகுமான் இன்றும் அப்படிச் செய்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். பல் முதலில் சொல்வது தொழிலை. கறி வெட்டும் தொழிலுக்கு யார் வந்தாலும் கருவி ஒரே மாதிரிதான் இருக்கும். ஆஸ்திரேலியாவின் தைலசின் ஓநாய் மாதிரியே மண்டையும் பல்லும் வைத்திருந்தது. அது கங்காருவைப் போல வயிற்றில் பை வைத்த பாலூட்டி. கடைசித் தைலசின் 1936-இல் ஹோபார்ட் மிருகக்காட்சி சாலையில் செத்தது. குலத்தைக் கேட்கணும் என்றால் தொழிலோடு அதிகம் ஒட்டாத உறுப்பைக் கேட்கணும்: உள்காது, கணுக்கால், மணிக்கட்டு. ஊனுண்ணி வரிசையில் மணிக்கட்டின் இரண்டு எலும்புகள் ஒன்றாக ஒட்டியிருக்கும். ஹையனோடான்டில் தனித்தனியாக இருக்கும். கறி வெட்ட அது அவ்வளவாக உதவாது. அதனாலேயே சாட்சியாக மதிப்பு அதிகம்.

பாக்குவெட்டியின் இடத்தை ஏன் அப்போ நம்பினோம்? நியாயமான கேள்வி. கத்தி இருக்கிறது என்பது தொழில். கத்தி எந்தப் பல்லில் இருக்கிறது என்பது பாட்டன் வீட்டு வழக்கம். எதில் வைத்தாலும் கறி வெட்டும். ஒரு குலம் ஒருமுறை ஒரு பல்லைத் தேர்ந்துவிட்டால் அதிலேயே நிற்கும். ஒரே பல்லில் இரண்டு செய்தியும் இருக்கிறது. எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்கணும்.

கடைசி ஆளும் இங்கேதான்

ஹையனோடான்ட் கதையின் கடைசிப் பக்கமும் நம் துணைக்கண்டத்திலேயே கிடைத்தது. இந்தியப் புவியியல் அளவைத் துறையில் இருந்த கை பில்கிரிம், இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் படிவுகளிலிருந்து டிஸ்ஸாப்ஸாலிஸ் கார்னிஃபெக்ஸ் என்ற பிராணிக்கு 1910-இல் பெயர் வைத்தார். கார்னிஃபெக்ஸ் என்றால் லத்தீனில் கொலைத்தண்டனையை நிறைவேற்றுபவர். ஏறத்தாழ 1 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை இது தாக்குப்பிடித்தது. உலகின் கடைசி ஹையனோடான்டுகளில் ஒன்று. அதே சிவாலிக்கில் பூனை, நாய்க்கரடி, கழுதைப்புலி, நீர்நாய் எல்லாம் ஏற்கெனவே நிறைந்துவிட்டிருந்தன. 1932-இல் பில்கிரிம் இந்தியாவின் தொல்லூனுண்ணிகளை ஒரே நூலாகத் தொகுத்தபோது அந்தக் கூட்டம் முழுவதும் அதில் வந்தது. பழைய குலத்தின் கடைசி ஆளும் புதுக் குலத்தின் கூட்டமும் ஒரே மண்ணில் ஒன்றாகப் புதைந்து கிடக்கின்றன. குஜராத்தின் மரமேறியிலிருந்து சிவாலிக்கின் கொலையாளிவரை 4 கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் இரண்டு முனையும் நம்மிடம் இருக்கிறது. இந்தப் பெருமையைப் பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட நான் படித்ததில்லை.

கவலை ஒன்று உண்டு. சுரங்கம் தோண்டியதால்தான் வஸ்தான் மண் வெளியே வந்தது. ஆனால் சுரங்கத்துக்கு வேண்டியது நிலக்கரி, களிமண் அல்ல. இன்றைக்குச் சுவரில் தெரியும் அடுக்கு அடுத்த வருஷம் கழிவு மண்மேட்டில் கிடக்கும். ஆய்வாளர் அந்த நேரத்தில் அங்கே இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. புவிமரபு இடங்களையும் தொல்லெச்சங்களையும் காக்கச் சட்ட வரைவு ஒன்றை மத்தியச் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டது. சட்டம் வருவது ஒருபக்கம் இருக்கட்டும். எடுத்ததைப் பத்திரமாக வைப்பதும், எங்கே எடுத்தது என்று எழுதி வைப்பதும் அதைவிட அவசரம் என்று எனக்குத் தோன்றுகிறது. ரங்கா ராவின் கற்கள் பல வருஷம் கழித்துப் பேசியதற்குக் காரணம் அவை இருந்தன என்பதும், எந்த இடத்துக் கல் என்று தெரிந்திருந்தது என்பதும்தான். வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? கென்யாவில் சிம்பகுப்வா என்ற பிரம்மாண்ட ஹையனோடான்டை 2019-இல் அறிவித்தார்கள். எலும்பு நைரோபி அருங்காட்சியக இழுப்பறையில் பல பத்தாண்டுகளாகக் கிடந்தது. ஆனால் கிடந்தது அல்லவா, அதுதான் விஷயம்.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாடையைத் திரும்பக் கவரில் போட்டான். தூக்கிப் போட்டுவிடாதே என்றேன். ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து எழுதச் சொன்னேன்: சமுத்திரம் ஏரி, எந்தக் கரை, மதகிலிருந்து எத்தனை அடி, எந்தத் தேதி. கீழே அவனாகவே, 'நாய் அல்லது நரி. பெரிய பல்லுக்குப் பின்னால ரெண்டு' என்று எழுதினான். அவன் அம்மா வீட்டுக்குள் விடவில்லையாம். இப்போது அது என் புத்தக அலமாரியில், அவன் எழுதிய சீட்டோடு, பத்திரமாக இருக்கிறது.

போன வாரம் இன்னொரு கவரோடு வந்தான். இந்த முறை புலியா என்று கேட்கவில்லை. "சார், இதுல பெரிய பல்லுக்குப் பின்னால ஒண்ணுமே இல்ல." எடுத்துப் பார்த்தேன். வீட்டுப் பூனை. "கரெக்ட்" என்றேன்.